சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு

தூத்துக்குடியில் எங்க சித்தி வீட்டு மொட்டை மாடியில் ஏறினா அடுத்த நகரோட தெரு நல்லா தெரியும். நடுவுல ஒரே ஒரு காம்பவுண்டு சுவர்தான். ஆனா அங்க போகணும்னா மெயின் ரோட்டுக்கு வந்து, சுத்தி, கால் மணி நேரம் நடக்கணும். இந்தச் சுவர் எப்படி வந்துச்சுங்கறதுதான் இன்றைய கதை.

முதல்ல பழைய ஊர். 1713-இல் எழுந்த பனிமய மாதா கோவிலைச் சுற்றி நடந்து பாருங்க. பெரும்பாலும் ஒரு தெருவில் நுழைஞ்சா இன்னொரு தெருவில் வெளியே வந்துடலாம். முத்து, சங்கு, மீன், பருத்தி எல்லாத்துக்கும் கடற்கரைதான் வாசல். வழியை அடைச்சா எல்லாருக்கும் நஷ்டம். கிரேட் காட்டன் ரோடுன்னு பேரைச் சொன்னாலே மாட்டுவண்டிச் சத்தம் கேட்கும். 1870-களில் ரயில் வந்து ஊரைக் குறுக்கே வெட்டியது. அப்பவும் ஜனங்க தண்டவாளத்தைக் கடந்துகிட்டுதான் இருந்தாங்க. ஒண்ணாம் கேட், ரெண்டாம் கேட்னு அந்த கேட்டே விலாசமாயிருச்சு. பின்னாடி வளர்ந்த பிரையண்ட் நகர்லயும் நம்பர் போட்ட நேர்த்தெருக்கள். வழி கேட்கவே வேண்டாம்.

பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நிற்க, தோணிகள்தான் சரக்கு சுமந்தன. 1974-இல் புதிய துறைமுகம் வந்தது. ஸ்பிக், அனல்மின் நிலையம் எல்லாம் அதே பத்தாண்டில். வேலைக்கு ஆட்கள் குவிஞ்சாங்க. கிழக்கே கடல், ஓரங்களில் உப்பளம். அதனால ஊர் பாளையங்கோட்டை ரோட்டையும் எட்டயபுரம் ரோட்டையும் பிடிச்சுகிட்டு நீண்டது.

இங்கதான் விஷயமே. ஒருத்தர் தன்னோட ரெண்டு ஏக்கரை மனை போடுவார். உள்ளே ஒரு ரோடு. அவரோட எல்லைக்கல் வந்ததும் நின்னுடும். பக்கத்து நிலத்துக்காரர் அஞ்சு வருஷம் கழிச்சு வேற கோணத்தில் போடுவார். ரோட்டை இணைச்சா ஒரு மனை குறையுமே! அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. காகிதம் சரியாச்சு, முட்டுச்சந்து அப்படியே இருக்கு. (நம்ம ஊர் மட்டும்னு நினைக்காதீங்க. 1975-லிருந்து உலகம் முழுக்கப் புதுத் தெருக்களின் இணைப்பு குறைஞ்சுகிட்டே வருதுன்னு பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினாங்க.)

2023 டிசம்பர் வெள்ளத்தில் சித்தி தெருவோட ஒரே வாசலில் இடுப்பளவு தண்ணி. பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஏணி வச்சு அந்தச் சுவரைத் தாண்டித்தான் இறக்கினாங்க. பால் பாக்கெட்டும் அந்த வழியாத்தான் வந்தது. தண்ணி வடிஞ்சதும் அங்க ஒரு சின்ன கேட் வைக்கலாம்னு பேச்சு வந்துச்சு. திருடன் வருவான்னு ரெண்டு வீட்டுக்காரங்க ஒத்துக்கலை.

ஏணியை மட்டும் சித்தி இன்னும் உள்ளே எடுத்து வைக்கலை.