இலங்கையில் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

பிறந்து 28 நாள்கள் நிறைவடையாத குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். இலங்கையில் இவர்களுக்கான மருத்துவப் பராமரிப்பு, மகப்பேற்று மருத்துவத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

1848இல் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியோட் வைத்தியசாலை 1898இல் தொடங்கியது.

ஆயினும், பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தன. 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது, 1935இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இவ்வீதம் 1946இல் 141 ஆகவும், 1950இல் ஏறத்தாழ 82 ஆகவும் குறைந்தது. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச மருத்துவம், பெண்கல்வி, மருத்துவிச்சிகளின் சேவை ஆகியன இதற்குத் துணைநின்றன. இன்று இவ்வீதம் பத்துக்கும் கீழ். ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன.

இதனால் சிக்கலின் தன்மையும் மாறியது. எஞ்சியுள்ள சிசு மரணங்களில் பெரும்பகுதி முதல் 28 நாள்களில் நிகழ்கிறது. குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைபாடுகளும் முதன்மைக் காரணங்கள். எனவே வைத்தியசாலையை அடைவது மட்டும் போதாது. பிறந்த முதல் நிமிடத்தில் மூச்சுவிட உதவுதல், உடல்வெப்பம் காத்தல், தாய்ப்பால் ஊட்டல், கைகழுவித் தொற்றைத் தடுத்தல் ஆகியவை ஒவ்வொரு பிரசவ விடுதியிலும், நள்ளிரவிலும், தவறாமல் நடைபெறுவதே பராமரிப்பின் தரமாகும்.