கன்னியர் மருத்துவரான கதை: ஓக்லா மருத்துவமனையின் முன்வரலாறு

டெல்லி ஓக்லாவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையை 1950களில் நிறுவியவர்கள் ‘மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள்’ என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை, கன்னியர் மருத்துவராகித் தொழில் புரிவதையும் பிரசவம் பார்ப்பதையும் திருச்சபை விலக்கியே வைத்திருந்தது. அவ்விலக்கு நீங்கிய வரலாறு, கன்னியர்மீது அண்மைக்காலத்தில் எழுந்த ‘பெண்ணியம்’ என்னும் குற்றச்சாட்டை விளங்கிக்கொள்ள உதவும்.

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ரோமின் தனி அனுமதியின்றிக் குருக்கள் மருத்துவம் செய்யலாகாது என்றது. அதே கட்டுப்பாட்டைத் துறவியருக்கும் விரித்தது. மகப்பேற்றுப் பணியோ கன்னியரின் கற்பு வார்த்தைப்பாட்டுக்கு ஒவ்வாதது எனக் கருதப்பட்டது.

இதனை எதிர்த்து முதலில் வாதாடியவர் ஆக்னஸ் மெக்லாரன். ஸ்காட்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். பிரிட்டனில் கல்வி வாயில்கள் அடைபட்டிருந்ததால் பிரான்சின் மோன்பெலியேயில் பயின்று 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். முதுமையை நெருங்கும் வயதில் கத்தோலிக்கரானவர். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பர்தாப் பெண்களுக்காக ராவல்பிண்டியில் ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். கன்னியர் மருத்துவராக இசைவு வேண்டி ரோமிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். இசைவு கிட்டாமலேயே 1913இல் மறைந்தார்.

அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் முடித்து 1920இல் ராவல்பிண்டிக்கு வந்தார். 1925இல் வாஷிங்டனில் அவர் தொடங்கிய சபையின் உறுப்பினர் பொது வார்த்தைப்பாடு எடுக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் துறவியர் அல்லர்; ஆகவே விலக்கு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1936 பிப்ரவரியில் மறைபரப்புப் பேராயம், மறைப்பணி நாடுகளில் கன்னியர் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் மேற்கொள்ளலாம் என அறிவுறுத்தியது.

அவ்வாணையின் மொழி கவனத்திற்குரியது. அது தாய்சேய் நலத்தையும் மறைப்பணித் தேவையையும் முன்னிறுத்தியதே அன்றி, பெண்ணின் உரிமையைப் பேசவில்லை. மெக்லாரனின் கோரிக்கை ஏற்கப்பட்டது. அக்கோரிக்கைக்குப் பின்னிருந்த சிந்தனை ஏற்கப்படவில்லை. பணி விரிந்தது, அப்பணியைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் இடம் மாறவில்லை.

2012 ஏப்ரலில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட மதிப்பீட்டை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். அமெரிக்கக் கன்னியர் சபைத் தலைவியரின் கூட்டமைப்பில் ‘தீவிரப் பெண்ணியக் கருத்துகள்’ நிலவுவதாக அது கூறியது. அவ்வமைப்பைச் சீரமைக்கும் பொறுப்பைச் சியாட்டில் பேராயரிடம் ஒப்படைத்தது. இந்நடவடிக்கை 2015 ஏப்ரலில் முடிவுற்றது. அக்கன்னியரின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் செய்த தொண்டை அம்மதிப்பீடே பாராட்டியிருந்தது. தொண்டுக்குப் பாராட்டு, சிந்தனைக்குக் கண்காணிப்பு: 1936இன் பிரிவினையே இங்கும் தொடர்கிறது.

இந்தியாவில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, 2008இல் ஜம்ஷெட்பூரில் கூடிப் பெண்களின் ஆற்றல்படுத்தலை விவாதித்தது. 2010இல் பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சமத்துவத்தை ஆயர்களே எழுத்தில் ஏற்றது சிறிய செய்தியன்று. எனினும் கொள்கை என்பது சட்டமன்று. மறைமாவட்டத்தில் அதன் நடைமுறை அந்தந்த ஆயரின் மனத்தைப் பொறுத்தது.

2025 ஜனவரியில், உலகத் துறவற சபைகளைக் கண்காணிக்கும் வத்திக்கான் துறைக்கு முதன்முறையாக ஓர் அருட்சகோதரி, சிமோனா பிராம்பில்லா, தலைவரானார். அவருக்கு இணையாக ஒரு கர்தினாலும் நியமிக்கப்பட்டார். ஆகவே திருச்சபையில் பெண்களின் வரலாற்றை எழுதும் மாணவர், கன்னியர் எத்தனை மருத்துவமனைகளைக் கட்டினர் என்பதோடு நின்றுவிடலாகாது. அவற்றின் ஆட்சிக்குழுவில் யார் அமர்ந்தனர், யாருடைய கையொப்பம் இறுதியானது என்பதையும் ஆவணங்களில் தேட வேண்டும். ‘பெண்ணியம்’ என்னும் குற்றச்சாட்டு எழுவது பெரும்பாலும் அந்தக் கையொப்பத்தை ஒட்டியே.