சிறுநீரக விறைப்பு அளவீடு

சிறுநீரகத் திசு எவ்வளவு இறுகியுள்ளது என்பதை ஊசி குத்தாமல் படிமக் கருவியால் அறியும் முறை இது. 1991-இல் ஜோனதன் ஓபிர் குழுவினர் மீயொலி வழியே திசுவின் மீள்மையை அளக்கும் முறையை வெளியிட்டனர். 1995-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் குழு, ராஜா முத்துப்பிள்ளையை முதலாசிரியராகக் கொண்ட கட்டுரையில், திசுவில் பரவும் அதிர்வலைகளைக் காந்த அதிர்வுப் படிமத்தில் காட்டியது. இறுகிய திசுவில் அலை விரைந்து செல்லும்.

கல்லீரலில் நிலைபெற்ற இம்முறை சிறுநீரகத்தில் தடுமாறுகிறது. தழும்பு திசுவை இறுக்கும். இரத்த ஓட்டம் குறைந்தால் திசு தளரும். அதனால் தழும்பேறிய சிறுநீரகமும் இயல்பானதாகத் தோன்றலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட மானாவாரி வட்டாரங்களில் வெயிலில் உழைப்போருக்கு நீரிழப்பு எளிதில் நேரும். அதுவும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எனவே போதிய நீர் அருந்தியபின் பலமுறை அளந்து, கிரியேட்டினின், சிறுநீர்ப் புரத முடிவுகளோடு ஒப்பிடுவதே நம்பகமானது.