ஏலத்தொகையும் இளம் வீரர்களும்: தமிழக விளையாட்டில் திடீர் செல்வத்தின் வரலாறு

2017 பிப்ரவரி 20 அன்று பெங்களூருவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடதுகை வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனின் பெயர் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் அறிவிக்கப்பட்டது. சில நிமிடங்களில் அது 3 கோடியாக உயர்ந்து, கிங்ஸ் லெவன் பஞ்சாப் அணி அவரை எடுத்தது. அவருடைய தந்தை விசைத்தறிக் கூடத்தில் கூலி வேலை பார்த்தவர்; தாய் சாலையோரத்தில் சிறு கடை நடத்தியவர். ஒரு விசைத்தறித் தொழிலாளி வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் ஈட்ட முடியாத பணம், ஓர் இளைஞரின் பெயரில் ஒரே பிற்பகலில் எழுதப்பட்டது.

இத்தகைய திடீர் செல்வம் தமிழக விளையாட்டில் மிகப் புதியது. அதன் வரலாறு இருபது ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. அதற்கு முன் விளையாட்டு வீரர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசாக வேலைதான் இருந்தது.

வேலை என்னும் பாதுகாப்பு

சென்னை லீக் கிரிக்கெட்டை நீண்டகாலம் தாங்கி நின்றவை நிறுவனங்கள். கெம்பிளாஸ்ட் ஆதரவில் ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் ஆதரவிலான அணிகள், ஸ்டேட் வங்கி அணி என்று பட்டியல் நீளும். கைப்பந்தில் இந்தியன் வங்கியும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இதே வேலையைச் செய்தன. திறமையுள்ள இளைஞரை அழைத்து எழுத்தர் பணியிலோ அதிகாரிப் பணியிலோ அமர்த்துவார்கள். போட்டிக் காலத்தில் அவர் மைதானத்தில் இருப்பார். ஆட்டம் முடிந்த வயதில் மேசைக்குத் திரும்புவார். சம்பளம் பெரிதல்ல. ஆனால் அது மாதாமாதம் வந்தது, ஓய்வூதியத்தோடு முடிந்தது. முழங்கால் போனாலும் வேலை போகாது.

ஆட்டத்தில் பணம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு 1983 உலகக் கோப்பையே சான்று. இறுதிப் போட்டியில் 38 ரன் எடுத்து இரு அணிகளிலும் அதிக ரன் சேர்த்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். கோப்பையை வென்று வந்த வீரர்களுக்குப் பரிசளிக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் போதிய பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி செய்து நிதி திரட்ட, ஒவ்வொரு வீரருக்கும் 1 லட்ச ரூபாய் வழங்கப்பட்டது. 1995இல் வேர்ல்டுடெல் நிறுவனம் சச்சின் டெண்டுல்கரோடு செய்த கோடிக்கணக்கான ஒப்பந்தம் அடுத்த கட்டத்தைத் திறந்தது. எனினும் அந்தப் பணம் உச்சியில் இருந்த ஓரிருவருக்கே போய்ச் சேர்ந்தது. ரஞ்சி ஆட்டக்காரரின் வாழ்க்கை அதனால் மாறவில்லை.

ஏலத்தின் வருகை

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஐபிஎல் ஏலம் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஆனால் இந்தியாவுக்கு ஆடாத உள்ளூர் வீரர்கள் அப்போது ஏலத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு 10, 20, 30 லட்சம் என்று ஊதியப் படிநிலைகள் பின்னர் வரையறுக்கப்பட்டன. ஒரே அணியில், ஒரே உடைமாற்றும் அறையில், சிலருக்குக் கோடிகளும் சிலருக்கு லட்சங்களும் என்ற நிலை உருவானது. 2012இல் ஒரு தொலைக்காட்சியின் ரகசியப் படப்பிடிப்புக்குப் பிறகு ஐந்து உள்ளூர் வீரர்கள் மீது வாரியம் நடவடிக்கை எடுத்தது. வரம்புக்கு மேல் மறைமுகமாகப் பணம் தரப்படுவதாக அந்தப் படப்பிடிப்பில் பேச்சு எழுந்திருந்தது. 2013 மே மாதம் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவர் சூதாட்டப் புகாரில் கைதானார்கள். பணம் குற்றத்தை உண்டாக்கியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பணத்தைப் பங்கிட்ட விதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

2014இல் உள்ளூர் வீரர்களுக்கும் ஏலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ரயில்வே அணிக்காக ஆடிவந்த கரண் சர்மா 3.75 கோடிக்குப் போனார். அரசு வேலையைக் கனவின் எல்லையாகக் கொண்டிருந்த உலகமும் ஏலத்தின் உலகமும் அந்த ஒரே பெயரில் சந்தித்துக்கொண்டன.

ஏலத்தொகையைப் பற்றிப் பொதுவாக அறியப்படாத சில விவரங்கள் உண்டு. அது ஒரு பருவத்துக்கான தொகை, தவணைகளில் வரும். பருவம் தொடங்கும் முன்பே காயத்தால் விலகினால் கிடைக்காமல் போகலாம். 1 கோடிக்கு மேற்பட்ட வருமானத்துக்கு உச்ச வரியோடு கூடுதல் வரியும் சேர்வதால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசுக்குப் போய்விடும். அடுத்த ஆண்டும் அதே தொகை வரும் என்ற உறுதியும் கிடையாது. ஊரார் காதில் விழுவது மட்டும் ஏலத்தில் அறிவிக்கப்பட்ட அந்த எண்தான்.

சின்னப்பம்பட்டி

நடராஜன் 1991இல் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். அவரது திறமையைக் கண்ட உள்ளூர் வழிகாட்டி ஏ. ஜெயப்பிரகாஷ், சென்னைக்கு அனுப்பி நான்காம் டிவிஷன் லீக்கில் பிஎஸ்என்எல் அணியில் ஆட வைத்தார். பின்னர் ஜாலி ரோவர்ஸ் வரை உயர்ந்தார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார். அப்போதே அவரது பந்துவீச்சு முறையில் ஐயம் எழுந்தது. கையசைவைத் திருத்திக்கொண்டு திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆனது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக சூப்பர் ஓவரில் யார்க்கர்களாக வீசிக் கவனம் பெற்றார். அடுத்த பிப்ரவரியில் 3 கோடி.

இந்தப் பணம் அவரை என்ன செய்தது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, வீடு. குடும்பத்தின் நிலை மாறியது. தம்பி தங்கைகளின் படிப்புக்கு வழி பிறந்தது. இது தமிழ்க் குடும்பங்களில் மூத்த பிள்ளையின் முதல் சம்பளம் எப்போதும் போகும் பாதைதான். தொகை மட்டும் பெரிது. இரண்டாவது விடை மைதானத்தில் இருந்தது. 2017 பருவத்தில் ஆறு போட்டிகளில் அவர் எடுத்தது 2 விக்கெட்டுகள். அடிப்படை விலையிலேயே வாங்கப்பட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 3 கோடி என்பதால் ஒவ்வொரு பந்துக்கும் கணக்குக் கேட்கப்பட்டது.

2018 ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. முந்தைய ஆண்டுத் தொகையில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரு போட்டியில்கூட அவருக்கு வாய்ப்பில்லை. ஏறியதைவிட இறங்கியதே இங்கு முக்கியம். சராசரி வேலையில் இருப்பவருக்கு ஊதியம் இப்படிச் சரிந்தால் அது பேரிடர். ஏல வீரருக்கு அது விதிமுறை. திடீரென வந்த பணத்தை நிரந்தர வருமானம் என்று நம்பி, கடனில் பெரிய வீடும் வண்டியும் வாங்கிய ஒருவரை இந்தச் சரிவு எளிதில் கவிழ்த்திருக்கும். நடராஜன் கவிழவில்லை. ஜெயப்பிரகாஷுடன் சேர்ந்து ஊரிலேயே பயிற்சி மையம் அமைத்தார். அங்கிருந்து வந்த ஜி. பெரியசாமி 2019இல் டிஎன்பிஎல்லில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்கு ஆடினார்.

2020 ஐபிஎல்லில் நடராஜன் 16 விக்கெட் வீழ்த்தினார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், இரண்டு நாள் கழித்து டி20யிலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். 2022இல் அவர் விலை 4 கோடி. 2024 நவம்பரில் டெல்லி கேபிடல்ஸ் கொடுத்தது 10.75 கோடி. இடையே, 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார்.

தாம்பரத்துக்குத் தெற்கே

சென்னையின் தென்புறநகரில் இதே கதைக்கு வேறு முகம் உண்டு. ஓஎம்ஆர் சாலையில் உள்ள எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியில் படித்த முருகன் அஸ்வினை 2016இல் ரைசிங் புனே அணி 4.5 கோடிக்கு வாங்கியது. அடிப்படை விலை 10 லட்சம். அடுத்த ஆண்டு டெல்லி அணியில் அவர் விலை 1 கோடி. காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம்மில் கட்டிடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி, அந்தத் தொழிலை விட்டுவிட்டு இருபத்தைந்து வயதையொட்டிக் கிரிக்கெட்டுக்கு வந்தவர். வேகப்பந்து வீசி முழங்காலில் அடிபட்ட பின் சுழற்பந்துக்கு மாறினார். 2018 டிஎன்பிஎல் கோப்பையை மதுரை பாந்தர்ஸ் வென்றபோது அந்த அணியில் இருந்தார். அதே டிசம்பரில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு எடுத்தது. முதல் போட்டியில் முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது அந்த ஒரே போட்டி. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு வாங்கியது.

நடராஜனும் வருணும் ஒரே வயதினர். ஒரே பஞ்சாப் அணி தந்த பெருந்தொகையோடு தொடங்கி, ஒரே விதமாகத் தடுமாறினார்கள். ஆனால் வருணின் பின்னால் பட்டம் இருந்தது; தந்தையின் நிலையான அரசுத்துறைச் சம்பளம் இருந்தது. பணம் வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். அதனால்தான் வருவாய் தந்த தொழிலை விட்டுக் கிரிக்கெட்டுக்கு வரவே அவரால் முடிந்தது. வசதி என்பது பணம் வந்த பிறகு உதவுவதைவிட, வருவதற்கு முன் காத்திருக்க உதவுகிறது.

விளையாட்டே குடும்பத் தொழிலாக இருந்தவர்களுக்கு இன்னொரு அனுகூலம். சாய் சுதர்சனின் தந்தை தடகள வீரர்; தாய் கைப்பந்து வீராங்கனை, உடற்பயிற்சிப் பயிற்றுநர். 2023இல் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. ஐபிஎல்லில் குஜராத் அணி அவருக்குக் கொடுத்துவந்ததோ 20 லட்சம்! அதே ஆண்டு மே மாத இறுதிப் போட்டியில் 96 ரன் அடித்த பிறகும் அவர் பழைய தொகைக்கே ஆடினார். 2025 பருவத்துக்குத்தான் 8.5 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். படிப்படியாக ஏறிய இந்தப் பாதையில் அதிர்ச்சி குறைவு.

குன்றத்தூர் போன்ற ஊர்களில் கணக்கு வேறு. சேக்கிழார் பிறந்த ஊர், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. இன்று அங்குள்ள இளைஞர்களுக்கு முன்னால் இருப்பது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தில் எவ்வளவு வேகமாக வீசினாலும், நான்காம் டிவிஷனில் ஆட வார நாளில் விடுப்பு வேண்டும். அந்த விடுப்பை யார் தருவது என்ற இடத்தில்தான் பெரும்பாலான கதைகள் நின்றுவிடுகின்றன.

ஒரே ஒருமுறை வரும் பணம்

கிரிக்கெட்டுக்கு வெளியே ஏலம் அரிது; அரசுப் பரிசுதான் பெரும்பணம். புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அப்படியிருந்தும் முதல்வர் கருணாநிதி 15 லட்ச ரூபாய் வழங்கினார். சாந்தி புதுக்கோட்டையில் பயிற்சி மையம் தொடங்கினார். 2009இல் அதில் 68 மாணவர்கள் இருந்தார்கள். ஆனால் தொடர்ந்து வருமானம் இல்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலியாக வேலை செய்வது செய்தியானது. பின்னர் பயிற்சியாளர் பட்டயம் முடித்தார். 2016இல்தான் அரசு நிரந்தரப் பயிற்சியாளர் பணி தந்தது. 15 லட்சம் செய்யாததைப் பத்து ஆண்டு தாமதமாக வந்த ஒரு மாதச் சம்பளம் செய்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பை இங்கே நினைக்கலாம். 1996 முதல் 2003 வரை அங்குள்ள தேசியக் கால்பந்து லீக்கில் தேர்வான வீரர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் திவாலாகியிருந்தார்கள். அதிகம் சம்பாதித்தவர்கள், நீண்டகாலம் ஆடியவர்கள் ஆகியோரிடமும் இந்த விகிதம் குறையவில்லை. முன்பு அந்நாட்டு இதழொன்று சொன்ன 78 விழுக்காடு என்ற எண் நெருக்கடியில் இருந்தவர்களையும் சேர்த்தது. இணையத்தில் இன்றும் அதுவே தவறாகத் 'திவால் விகிதம்' என்று சுற்றுகிறது.

2024 டிசம்பரில் உலக சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷுக்குத் தமிழக அரசு 5 கோடி அறிவித்தது. அவர் பெற்றோர் இருவரும் மருத்துவத் துறையினர். மகனோடு பயணம் செய்யத் தந்தை தன் மருத்துவப் பணியை ஒதுக்கிவைத்திருந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற அணியிலிருந்த கார்த்திகாவுக்கு 25 லட்சம் கிடைத்தது. அவர் சென்னையின் தெற்கே, குடிசைவாழ் மக்கள் இடமாற்றப்பட்டு 2000ஆம் ஆண்டு முதல் உருவான கண்ணகி நகரைச் சேர்ந்தவர். காசோலையைப் பெற்றுக்கொண்ட அவர் முதல்வரிடம் வைத்த கோரிக்கை, தன் பகுதியில் விளையாட்டு வசதிகளை மேம்படுத்தித் தர வேண்டும் என்பது.