மண்ணெண்ணெய்க் காலத்துக் காது

சாட்டிக் கடற்கரையிலிருந்து திரும்ப வெளிக்கிட்டபோது நாங்கள் வந்த கார் ஸ்ராட் எடுக்கவில்லை. எங்களைவிட மூன்று மடங்கு வயதான ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். வரும்போதே விக்கி விக்கித்தான் வந்தது. எங்களில் ஒருவன் சோக்கை இழுத்து இழுத்து, திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெற்றோல் மணம் மட்டும் மூக்கில் அடித்தது.

"விடு தம்பி, அது குடிச்சது காணும்" என்றார் கார் ஓடி வந்த ஐயா.

சோக்கை உள்ளே தள்ளினார். ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: கரி பிடித்து, தொப்பென்று நனைந்திருந்தது. நனைந்த பிளக் பொறி விடாது. பொறி இல்லையென்றால் உள்ளே போன பெற்றோல் எரியாது. நாங்கள் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணப் பண்ண இன்னும் நனையும். காபரேற்றர் கிண்ணத்தில் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டினார். உள்ளே மிதவையோடு ஏறி வழியை அடைக்கிற ஊசியில் ஒரு தூசி நின்றாலே பெற்றோல் வழிந்துகொண்டிருக்குமாம். பிளக்குகளைத் துடைத்துப் பூட்டி, அக்சிலேற்றரை அடிமட்டும் அமத்தி ஸ்ராட் பண்ணினார். காற்று நிறையப் போய் ஈரத்தைத் தள்ள, கறுப்புப் புகையோடு எஞ்சின் எழும்பியது.

ஆனால் விக்கல் நிற்கவில்லை. துணி சுற்றிய கையால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் சத்தம் தளர்ந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் மாறவேயில்லை. "இவர்தான் வேலை செய்யேல்லை."

இதையெல்லாம் எங்கே பழகினீங்கள் என்று கேட்டோம். "மண்ணெண்ணெய்க் காலத்திலை."

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் அரசு வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோலும் பற்றறியும் தடைப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் வந்தது, அதுவும் நெருப்பு விலையில். 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் நாட்டில் தங்கிப்போன ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்தான் அப்போது கைகொடுத்தன. அவற்றின் எஞ்சின் கலவையை அவ்வளவாக அமுக்காது. அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் ஓரளவு தாங்கும்.

சிக்கல் ஸ்ராட் பண்ணுவதில்தான். பெற்றோல் குளிரிலும் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாக ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே ஒளித்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். 1940களில் இங்கிலாந்தின் பேர்கசன் உழவு இயந்திரங்களும் இப்படி ஓடியவைதான். ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. எங்கட கார்கள் அப்படியில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிளக்கை நனைத்தது, எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போக வைத்தது.

இந்தக் கதையை நாங்கள் சின்னனிலிருந்தே கெட்டித்தனத்தின் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். "மண்ணெண்ணெயிலை கார் ஓடின சனம்!" ஐயாவின் குரலில் அந்தப் பெருமை இல்லை. "ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்தினா எஞ்சினை நிப்பாட்டவே மாட்டன். நிண்டா, திருப்பி எழுப்பத் துளி பெற்றோல் இருக்காது." எங்களுக்கு அந்த விக்கல் ஒரு சுற்றுலாத் தொந்தரவு. அவருக்கு அது பின்சீற்றில் கிடப்பவரின் உயிர்.

இன்னொன்று. அவர் வேலணைக்காரர். ஆனால் இந்த வித்தையை ஊரில் பழகவில்லை. 1990, 91இல் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போக, சனம் பண்ணைக்கு அங்கால் இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்த இடத்தில், வேறொருவரின் காரில்தான் பழகினார். 'யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்' என்று ஒரே கதையாகச் சொல்லும்போது, ஊரையே விட்டு வந்த தீவாரின் கதை அதற்குள் காணாமல் போகிறது.

2022இல் நாங்களும் கியூ.ஆரோடு எரிபொருள் வரிசையில் நின்றோம். அப்போது வீட்டுப் பெரியவர்கள் பழைய கதையைத் தொடங்க, நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஐயா இருப்பார். 'எப்படி ஓட்டினீங்கள்' என்பதோடு நிற்காதீர்கள். யாரை ஏற்றினார், எந்த இடத்தில் எஞ்சின் நின்றது, பிறகு என்ன நடந்தது என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.