விளம்பர வருவாய்: யாருடைய பணம்?

மாணவர்களே, இணைய விளம்பரத்தின் கதையைச் சுருக்கமா பார்ப்போமா?

1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளம் விளம்பரப் பட்டைகளை வெளியிட்டது. அன்று இடத்துக்குத்தான் காசு. 1998இல் கோடூ நிறுவனம் ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு வாங்கியது. எப்படி வாங்கினாலும் கணக்கியல் விதி ஒன்றே: ஒப்புக்கொண்ட விளம்பரச் சேவையை வழங்கிய பிறகுதான் அது வருவாய். அதுவரை முன்பணம் வெறும் பொறுப்பு.

ஏஓஎல் 2000 முதல் 2002 வரை என்ன செய்தது தெரியுமா? பிற நிறுவனங்களுக்குத் தானே பணம் கொடுத்து, அதே பணத்தில் தன்னிடம் விளம்பரம் வாங்க வைத்தது. ஏட்டில் வருவாய் ஏறியது; கையில் ஒரு காசும் கூடல. முதலீட்டாளர்கள் அந்த எண்ணை நம்பினாங்க. 2005இல் அதன் தாய் நிறுவனமான டைம் வார்னர் 300 மில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

தேர்வில் ‘வருவாய்’ என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்க: வேலை முடிந்ததா? பணம் யாருடையது?