முப்பதில் தொடங்கிய அரிச்சுவடி

பத்ருப் போர் நிகழ்ந்த ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில், பிணைத்தொகை செலுத்த வகையற்ற, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விதித்த மீட்சி விலை, மதீனாச் சிறார் பதின்மருக்கு எழுத்தறிவித்தல் என்பர் வரலாற்றாசிரியர். அத்தகைய மரபில் வந்த நாமோ, 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கூறி, எழுத்தறியாப் பெரியோரைக் கைவிட்டு விடுகிறோம்.

இப்பழமொழியைச் சோதிக்கும் கருவி வாய்க்க நெடுங்காலமாயிற்று. 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்னும் ஒலியன்றிப் பிறிது பேசவியலாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவர்தம் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்மடலில் சிதைவைக் கண்டார். 1874-இல் ஜெர்மானியர் கார்ல் வெர்னிக்கே, சொற்பொருள் உணர்தற்குரிய பகுதியை அதற்குப் பின்னே சுட்டினார். இருவருக்கும் சான்று பகர்ந்தவை நோயுற்ற மூளைகளே. நலமுள்ள மனிதன் படித்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூளையைக் காண வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா, ஆண்டு 1990. உழைக்கும் பகுதிக்குக் குருதி மிகுந்து பாயும். உயிர்வளி ஏந்திய குருதியும் அதனை இழந்த குருதியும் காந்தப்புலத்தில் வேறுபட்டு நிற்கும். அவ்வேறுபாட்டையே கருவி படமாக்குகிறது.

இக்கருவி நம் நாட்டு எளியோரை நோக்கித் திரும்பிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. லக்னோவை அடுத்த சிற்றூர்களில், முப்பது வயதை ஒட்டிய எழுத்தறியா மாந்தர் 21 பேருக்கு ஆறு திங்கள் தேவநாகரி எழுத்து கற்பிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கற்பிக்குமுன்னும் பின்னும் மூளைப் படங்கள் எடுக்கப்பட்டன. ஸ்கைடே, குமார், மிஸ்ரா, ஹ்யூட்டிக் முதலியோர் 2017-இல் முடிவை வெளியிட்டனர். மூளையின் புறணி மட்டுமன்றி, அடியாழத்திலுள்ள தலாமசும் மூளைத்தண்டும்கூடப் பார்வைப் பகுதியோடு முன்னினும் இசைந்து இயங்கத் தொடங்கியிருந்தன! கல்லாதிருந்த ஒன்பதின்மரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

1925-இல் குலாம் காதர் பனியன் தொழிலுக்கு வித்திட்ட ஊர் திருப்பூர். இன்று அங்கே உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர், நம்மூர்ப் பெண்களோடு தையலும் கைமடியும் செய்து பிழைக்கின்றனர். அவர்களுள் எழுத்தறியாதார், தாம் தைத்த பீஸ்களின் கணக்கைப் பிறர் படித்துச் சொல்லவே நம்பிக் கைநாட்டு வைக்க வேண்டியவராகின்றனர். ஷிப்ட் முடிந்த மாலையில் நம் மதரஸாக்களின் ஓர் அறையை அவர்களுக்குத் திறந்துவிடுவோமாக. ஆறே திங்கள் போதுமென்று லக்னோவின் சிற்றூர்ப் பெண்கள் காட்டியிருக்கின்றனர்.